பேனரில் கும்பிட்டவர்

பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் கராத்தே பள்ளி தொடங்கிய எஸ்தர், கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு பெயர்ப்பலகை மாட்டினாள். மறுநாளே கவுன்சிலர் வீரபாகுவின் பிறந்தநாள் பேனர் அதை மறைத்தது. அதில் அவர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் ஒருவரும் படியேறவில்லை. எஸ்தர் வெற்று அறைக்கு வணக்கம் வைத்து, தனியே காற்றில் குத்திவிட்டுப் பூட்டிக்கொண்டு போனாள்.

பேனரைக் கழற்றச் சொல்லி அவள் கேட்டபோது, "என் மூஞ்சி மேல எவன் கை வைப்பான்?" என்றார் வீரபாகு.

அவள் கை வைக்கவில்லை. கும்பிட்ட கைக்குக் கீழே ஓர் அட்டையைக் கட்டினாள்: "கராத்தே கத்துக்க மாடிக்கு வாங்க!"

தெருவே சிரித்தது. வீரபாகு பாய்ந்து வந்தார்.

"என்னையே ஆள் பிடிக்க விட்டுட்டியா?"

"பிடிக்கலேன்னா பேனரைக் கழட்டிடுங்கண்ணே."

அவரே ஏணி போட்டுக் கழற்றினார். பலகை பளிச்சென்று தெரிந்தது.

அன்றும் யாரும் வரவில்லை. அவள் வாசலில் கும்பிட்டு நின்ற ஒரே ஆளும் போய்விட்டார்.