வெள்ளை மரத்து நீர்க்காகம்

ஏரியின் நடுவே ஒரு பெரிய நீர்க்கடம்பு மரம். கூழைக்கடாக்களும் நாரைகளும் நீர்க்காகங்களும் அதில் கூடு கட்டி வாழ்ந்தன. உச்சி முதல் அடி வரை சுண்ணாம்பு அடித்தது போல மரம் வெளுத்திருக்கும். "இப்படி ஒரு வெள்ளை மரம் வேறு எந்த ஏரியில் இருக்கிறது!" என்று பறவைகளுக்கு ஒரே பெருமை.

அந்த வெள்ளை, அவை போட்ட எச்சம்தான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அங்கே மையன் என்றொரு நீர்க்காகம் இருந்தது. நத்தைகுத்தி நாரை பூரணியைக் கண்டால் அதற்கு ஆகாது. பூரணி அதற்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் எந்தக் கூட்டம் நடந்தாலும் தலைவர் கூழைக்கடா கடைசியில், "பூரணி, நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்டுவிடும். மையனோ இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டே மணிக்கணக்காக யோசித்து ஒரு பேச்சோடு வரும். யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். கூட்டுக்குத் திரும்பினால் அதன் மனைவி கருவிழியும், "பூரணி அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லும். விழுங்கிய மீன் மையனுக்குத் தொண்டையில் குறுக்கே நிற்கும்.

கூடு கட்டும் காலம் வந்தது. எந்த மரத்தில் கட்டுவது என்று இறக்கை தட்டி முடிவெடுப்பது அவற்றின் வழக்கம்.

"மூன்றாவது வருடமாக இந்த வருடமும் வெள்ளை மரத்திலேயே கட்டுவோம்! ஒரே மரம், ஒரே கூட்டம்!" என்றது தலைவர் கூழைக்கடா.

படபடவென்று இறக்கைகள் அடித்தன. பூரணி மட்டும் தட்டவில்லை.

"தலைவரே, இது அழகுக்கு வெளுத்த வெளுப்பு இல்லை. நம் எச்சம் மரத்தைச் சுட்டுவிட்டது. இந்த வருடம் ஒரு தளிர்கூட விடவில்லை, பாருங்கள். கிளையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. கரையோரக் கருவேல மரங்களுக்குப் போவோம். இதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்!"

மையன் துள்ளி எழுந்தது. இந்த நாளுக்காகத்தானே அது காத்திருந்தது!

"கேட்டீர்களா! நம் மரத்தைப் பட்ட மரம் என்கிறாள்! பக்கத்து ஏரிக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? இவளுக்கு இந்த ஏரியே பிடிக்கவில்லை!"

"மரத்தை நான் எங்கே குறை சொன்னேன், மையா? மரத்தைப் பற்றி நாம் எடுக்கிற முடிவைத்தானே சொன்னேன். இரண்டும் ஒன்றா?"

"ஒன்றுதான்!"

"அப்படியா! உன் பிள்ளை அழுகின மீனைத் தின்னப் போனால் தடுப்பாயா, மாட்டாயா?"

"தடுப்பேன்!"

"தடுத்தால் நீ உன் பிள்ளைக்கு எதிரியா?"

மையன் இன்னும் உரக்கக் கத்தியது. "பிடிக்கவில்லையென்றால் பக்கத்து ஏரிக்குப் போடி! தின்பது இந்த ஏரி நத்தை, பேசுவது இந்த ஏரிக்கு எதிராகவா?"

"எதிரி! எதிரி!" என்று நாலா கிளையிலிருந்தும் குரல்கள் எழுந்தன. தலைவர் கூழைக்கடா கொஞ்சம் தயங்கியது. பிறகு சத்தம் அதிகமாக இருந்த பக்கம் சாய்ந்துவிட்டது.

பூரணி தன்னந்தனியாகக் கரையோரக் கருவேலத்துக்குப் போய்க் கூடு கட்டிக்கொண்டது. வெள்ளை மரத்தில் அது விட்டுப்போன கிளை மையனுக்குக் கிடைத்தது. அகலமான கிளை; ஏரி முழுவதும் தெரியும். எத்தனை வருட ஆசை! ஆனாலும் போன வருடத்துக் குஞ்சுகள் சும்மா இருந்தால்தானே? "பூரணி அத்தை எப்போது வரும்?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தன. மையன் அவற்றை அதட்டி விரட்டியது.

மையனுக்கும் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. ஒரு மத்தியானம் அது மீனோடு வந்து உட்கார்ந்தபோது, கிளை 'மளுக்' என்றது. கூட்டுக்கு அடியில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்!

தலைவரிடம் சொல்லிவிட மையன் இறக்கையைத் தூக்கியது. "பூரணி அன்றைக்கே சொன்னாளே!" என்று எல்லோரும் சொல்வது இப்போதே காதில் கேட்டது. தூக்கிய இறக்கையை மடக்கிக்கொண்டது.

அன்று சாயங்காலம் தலைவர் கூழைக்கடா முதன்முறையாக அதன் பக்கம் திரும்பியது. "மையா, மரம் எப்படியப்பா இருக்கிறது?"

"இரும்பு மாதிரி இருக்கிறது, தலைவரே!"

எல்லா இறக்கைகளும் தட்டின. மையனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் பகலில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. மையனின் கிளை முறிந்தது. கீழ்க்கிளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

எல்லோருக்கும் முன்னால் பறந்து வந்தது பூரணிதான். "ஐயோ, கத்திக்கொண்டு நிற்காதீர்கள்! குஞ்சுகள் கிளையைப் பற்றிக்கொண்டிருக்கின்றன! நெஞ்சால் முட்டிக் கிளையைக் கரைக்குத் தள்ளுங்கள்!" கூழைக்கடாக்கள் முட்டித் தள்ளின. கிளை கரை சேர்ந்தது. மையனின் குஞ்சுகளில் இரண்டு பிழைத்தன. மூன்றாவது கிடைக்கவே இல்லை.

கருவிழி முறிந்த இடத்தையே பார்த்தது. "உள்ளே பாதிக் கட்டை கறுத்துப்போயிருக்கிறதே! இது இன்றைக்கு விட்ட விரிசல் இல்லை. உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்" என்றது மையன். "சொன்னால் பூரணி ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று..."

"துரோகி! துரத்துங்கள் இவனை!" முன்பு "எதிரி" என்று கத்திய அதே குரல்கள்தான்.

"சும்மா இருங்கள்!" என்று அதட்டியது பூரணி. "சொன்னவளைத் துரத்தினீர்கள். இப்போது உண்மையை ஒப்புக்கொண்டவனையும் துரத்தப் போகிறீர்கள். அப்புறம் இந்த ஏரியில் வாய் திறக்க யார் மிஞ்சுவார்கள்? முதலில் குஞ்சுகளுக்குக் கூடு கட்டுவோம், வாருங்கள்!"

"நீ சொன்னால் சரியம்மா" என்றது தலைவர் கூழைக்கடா.

நனைந்த இரண்டு குஞ்சுகளை அணைத்தபடி அதைக் கேட்ட மையனுக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. வெட்கத்தோடு கருவிழியைப் பார்த்தது. கருவிழி அதன் பக்கம் திரும்பவே இல்லை.

நாடு எடுத்த முடிவைத் தவறு என்று சொல்பவர் நாட்டுக்குப் பகைவர் அல்லர். தவறு என்று தெரிந்தும் வாழ்க என்று கோஷம் போடுபவரே பகைவர்.