டக் இடம்

கண்ண மூடு மகிழு. மூடினாத்தான் கதை. கரண்ட் எப்ப வரும்னு என்னைக் கேக்காத, நானா நிறுத்தினேன்? இந்தா, காலண்டர் அட்டையால வீசறேன். கை வலிச்சா நிறுத்திடுவேன், இப்பவே சொல்லிட்டேன். நடுவுல "ம்" கொட்டு. கொட்டலன்னா தூங்கிட்டன்னு எழுந்து போயிடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஃபேன் இருந்துச்சு.

"ராஜா?"

ராஜா இருந்தா வீசறதுக்கு ரெண்டு ஆள் வெச்சிருப்பான். ஃபேன் எதுக்கு? வெறும் ஃபேன்தான். பச்சைக் கலர் டேபிள் ஃபேன். ஊர் வேலூர். மாசம் சித்திரை. கோட்டை அகழியில மீன் கூட மேல வந்து வாயப் பொளக்கும், அப்படி வெயில். அந்த வீட்ல ஒரு ரூமு, ஒரு சமையல்கட்டு. மேல சிமெண்ட் ஷீட்டு. பகல் பன்னெண்டு மணிக்கு அந்த ஷீட்டு மேல தோசை ஊத்தலாம்.

"ஊத்தினாங்களா?"

ஊத்தல. கேளு. அந்த வீட்ல அஞ்சு பேரு. அப்பாக்காரன் பஸ் டிரைவர்.

"நீ கூட டிரைவர்தானே தாத்தா?"

வேலூர்ல ஆயிரம் டிரைவர். கேளுன்னா கேக்கணும். அந்த ஆளு கோவக்காரன். யாராவது ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா 'சட்டுனு சொல்லு'ம்பான். அப்புறம் அம்மாக்காரி. எட்டு வயசுல ஒரு பையன். அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. அது ஒரு இடத்துல நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். அதனால பம்பரம்னு வெச்சுக்க. அப்புறம் ஒரு கைப்புள்ள, நாலு மாசம். உடம்பெல்லாம் வேர்க்குரு. கேழ்வரகு கொட்டின மாதிரி செவசெவன்னு.

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. காலையில பூரா ஆட்டம். நுங்கு வந்தா நுங்கு. ஐஸ்காரன் பெட்டி மூடிய டங் டங்னு தட்டிக்கிட்டுப் போனா அவன் பின்னாடி தெருக்கோடி வரைக்கும் ஓட்டம். கால் சுடும். ஹா ஹூன்னு நிழலுக்கு நிழல் தாவித் தாவித் திரும்பி வருங்க. மத்தியானம் சோறு தின்னதும் பாய விரிச்சு எல்லாரும் வரிசையாப் படுப்பாங்க. கால்மாட்டுல ஃபேன். அது ர்ர்ர்ர்ர்னு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குத் தலையத் திருப்பும். அந்தக் கோடிக்குப் போனதும் 'டக்'. கொஞ்ச நேரம் அங்கயே நிக்கும். உள்ள சக்கரத்துல ஏதோ பல்லு தேஞ்சிருக்கு. அப்புறம் ர்ர்ர்ர்ர்னு திரும்பி வரும். இந்தக் கோடியில 'டக்' கிடையாது. வந்த வேகத்துல திரும்பிடும்.

அந்தக் கோடியில படுத்தவங்களுக்கு மட்டும் ஒரு வாய் காத்து கூடக் கிடைக்கும். அந்த இடத்துக்கு அந்த வீட்ல பேரே 'டக் இடம்'.

"ம்."

அது பம்பரத்தோட இடம். அண்ணன்காரனுக்கு வயித்தெரிச்சல்.

"எழுந்திருடி, இன்னிக்கு நான்."

"போடா. நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன்."

"அம்மா, என் காத்தயும் சேத்துப் பிடிக்கிறா பாரு!"

"காத்துல உன் பேரு எழுதியிருக்கா?"

அம்மாக்காரி ரெண்டு பேரு தொடையிலயும் ஒண்ணு வைப்பா. படீர். படீர். அப்புறம் பேச்சே இருக்காது. ர்ர்ர்ர்ர்… டக். கைப்புள்ள அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூங்கும்.

அப்போ ஒரு நாள் அப்பாக்காரன் மொத ட்ரிப் முடிச்சுட்டு வீட்டுக்கு வந்தான். ஃபேன் முதுகுல கைய வெச்சான். சுரீர்னு எடுத்துட்டான். "என்னா கொதி கொதிக்குது! சூடு ஏறிப் போச்சு இதுக்கு. இப்படியே ஓடினா தாங்காது"ன்னான். அணைச்சான். படுத்தான். அவ்வளவுதான் அவன் பேசினது. அம்மாக்காரி அதுக்கு மேல ஒண்ணு சொன்னா. "இது நின்னுச்சுன்னா எம்புள்ள பொழைக்காது."

பெரியவங்க வாய்க்கு வந்தத சொல்லிட்டுத் தூங்கிட்டாங்க. பம்பரம் தூங்கல. அஞ்சு வயசுக்கு எல்லாப் பேச்சும் நெசம். ஃபேனுக்கு உடம்பு சரியில்ல. ஃபேன் போனா தம்பி போயிடுவான்.

"போயிட்டானா?"

கண்ணத் தொறக்காத. கேளு.

மறுநாள் மத்தியானம். இப்ப மாதிரியே கரண்ட் இல்ல. அப்பாக்காரன் டியூட்டிக்குப் போயிட்டான். அண்ணன்காரன் கோலி ஆடப் போயிட்டான். அம்மாக்காரி ஃபேன் சுவிட்ச அணைச்சிட்டு, புள்ளைய முந்தானையால வீசி வீசி அப்படியே கண்ணசந்துட்டா. பம்பரம் மெதுவா எழுந்துச்சு. ஃபேன் முதுகத் தொட்டுப் பாத்துச்சு. ஷீட்டு வீட்ல எது சுடாது? அண்டா சுடும், சீப்பு சுடும். ஃபேனும் சுட்டுச்சு. 'ஐயோ, ஓடாமயே காய்ச்சல் அடிக்குதே'ன்னு அதுக்குப் பயம் வந்துடுச்சு.

சூட்டுக்கு வீட்ல என்ன பண்ணுவாங்க? தொப்புள்ல விளக்கெண்ணெய் வைப்பாங்க. ஃபேனுக்குத் தொப்புள் எது? நடுவுல வட்டமா மூடி இருக்குமே, அது. ஒரு சொட்டு வெச்சுத் தேச்சுச்சு. தொட்டுப் பாத்துச்சு. சூடு போகல.

அப்புறம்? நெத்தியில ஈரத்துணி. துண்ட நனைச்சு, பிழிஞ்சு, ஃபேன் தலையில போட்டுச்சு. "இப்ப பரவால்லயா?"ன்னு கேட்டுச்சு. ஃபேன் பேசல.

"ஃபேன் பேசாது தாத்தா."

உனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலயே. மூணாவது என்ன பண்ணலாம்னு யோசிச்சுச்சு. அப்போ ஞாபகம் வந்துச்சு. போன வாரம் அப்பாக்காரன் பம்பரத்த பஸ்ல கூட்டிட்டுப் போயிருந்தான். வழியில வண்டி சூடாகி நின்னுடுச்சு. அவன் முன்னாடி மூடியத் தொறந்து, ஆறவிட்டு, ரெண்டு குடம் தண்ணி ஊத்தினான். புஸ்ஸ்ஸ்னு ஆவி. "அவ்வளவுதான். சூடுன்னா உள்ள ஊத்தணும்"னான். வண்டி கெளம்பிடுச்சு.

அதான் வைத்தியம். உள்ள ஊத்தணும். ஆனா தண்ணி பஸ்ஸுக்கு. இது நம்ம வீட்டு ஆளு. நம்ம வீட்டு ஆளுங்க சூட்டுக்கு என்ன குடிப்பாங்க?

"மோர்!"

மோர். உப்பு போட்டு, பெருங்காயம் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. சமையல்கட்டுல சொம்பு நெறைய இருந்துச்சு. ரெண்டு கையாலயும் தூக்கிக் கொண்டாந்து, ஃபேன் முதுகுல ஓட்டை ஓட்டையா இருக்கும் பாரு, அதுல ஊத்துச்சு. களக். களக். களக். "குடி. குடிச்சிட்டுத் தூங்கு"ன்னு தட்டிக் கொடுத்துச்சு. கீழ சிந்தினத பாவாடையால தொடச்சுச்சு. துண்ட எடுத்துக் கொடியில போட்டுச்சு. சமத்தாப் போய் டக் இடத்துல படுத்துக்கிச்சு.

அப்போ கரண்ட் வந்துச்சு.

பல்பு வெளிச்சம் கண்ணுல பட்டதும் அம்மாக்காரி தூக்கத்துலயே கைய நீட்டி சுவிட்சப் போட்டா. ஃபேன் 'ர்ர்'ன்னுச்சு. 'ர்'ன்னுச்சு. படார்! குபுகுபுன்னு புகை. அந்தப் புகையில ரசம் தாளிச்ச வாசனை. அம்மாக்காரி ஒயரப் பிடுங்கிப் போட்டா. புள்ள வீல்னு கத்துச்சு. பம்பரம் எங்க? அரிசி டிரம்முக்குப் பின்னாடி.

"ம். அடிச்சாங்களா?"

யாருக்குத் தெரியும், அடிக்க? சாயங்காலம் அப்பாக்காரன் வந்தான். பாத்தான். ஃபேனத் தோள்ல வெச்சுக்கிட்டு மெக்கானிக் கடைக்குப் போனான். வெறுங்கையோட திரும்பி வந்தான். "காயில் எரிஞ்சு போச்சு. வோல்டேஜ் ஏறியிருக்கு. ஒரு வாரம் ஆகும்"னான். சாப்பிட உக்காந்தான்.

பம்பரம் தன் சோத்த அப்படியே வெச்சிட்டு எழுந்துச்சு. சொல்லிடணும். அப்பாக்காரன் தட்டு பக்கத்துல போய் நின்னுச்சு. "அப்பா, ஃபேன் வந்து…"

"சாப்பிடும்போது பேசாத."

மறுநாள் காலையில ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தான். போய் நின்னுச்சு. "அப்பா, அந்த ஃபேன் வந்து…"

"கத்தி கையில இருக்கு. தள்ளி நில்லு."

காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்பினான். வாசல் வரைக்கும் பின்னாடியே ஓடுச்சு. "அப்பா, நான் வந்து…"

"வண்டிக்கு நேரமாச்சு. வந்து கேக்கறேன்."

வந்தான். கேக்கல.

"கெட்ட அப்பா."

ம். இப்ப நான் 'ம்' கொட்டறேன் பாரு. அத விடு.

கைப்புள்ள தூங்கல. அன்னிக்கும் தூங்கல, மறுநாளும் தூங்கல. வேர்க்குரு அரிக்குது, கத்திக் கத்தி நீலம் பாரிச்சுப் போச்சு. அம்மாக்காரி பாடிப் பாத்தா. தொண்டை கட்டினதுதான் மிச்சம். அண்ணன்காரன் கிலுகிலுப்பைய ஆட்டினான். கிலு கிலு கிலு. இன்னும் ஓங்கிக் கத்துச்சு. அப்போ பம்பரம் விசிறிய எடுத்துச்சு. பனையோலை விசிறி, அதோட நெஞ்சளவு இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சு வீசுச்சு. அழுகை நிக்கல.

"காத்துதான் வருதில்லடா. இன்னும் என்னடா வேணும்?"னு கேட்டுச்சு. கேட்டப்பத்தான் அதுக்கே தோணுச்சு. காத்து இருக்கு. சத்தம் இல்ல.

நாக்க மேல ஒட்டிச்சு. ர்ர்ர்ர்ர். விசிறியோட சேத்துத் தலைய இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குத் திருப்பிச்சு. அங்க போனதும் நாக்கால 'டக்'. கொஞ்சம் நின்னுச்சு. ர்ர்ர்ர்ர்னு திரும்பிச்சு. புள்ள கத்தறத நிறுத்திட்டு முழிச்சுச்சு. ர்ர்ர்ர்ர்… டக். கண்ணு சொருகிச்சு. ர்ர்ர்ர்ர்… டக். தூங்கிடுச்சு.

அம்மாக்காரி சிரிச்சா. "அடியே, கரண்ட் இல்லாத ஃபேனு!"

அண்ணன்காரன் சும்மா இருப்பானா? காலியா கெடந்த டக் இடத்துல போய் மல்லாந்துக்கிட்டு, "ஏய், டக் பத்தல. இன்னும் கொஞ்சம் நிக்கணும்"னு அதட்டினான். வேற நாளா இருந்தா விசிறிக் காம்பாலயே ஒண்ணு வெச்சிருக்கும். அன்னிக்குப் பேசாம இன்னும் கொஞ்சம் நின்னுச்சு.

ஒரு வாரம். தினம் மத்தியானம். வீசறவங்களுக்குக் காத்து வராது, தெரியுமா உனக்கு? மூக்கு நுனியிலேர்ந்து வேர்வை சொட்டு சொட்டா விழும்.

"ம். நீ பாத்தியா?"

அப்பாக்காரன் பாத்தான். ஒரு நாள் சோத்து டப்பாவ மறந்துட்டுப் போயிட்டான். எடுக்க வந்தான். வாசல்லயே நின்னுட்டான். உள்ள எல்லாம் தூங்குது. அது ஒண்ணு மட்டும் உக்காந்து தலையத் திருப்பிக்கிட்டு இருக்கு. உதடு வெடிச்சிருக்கு. ர்ர்ர் வரல, காத்துதான் வருது. ஆனா டக் மட்டும் விடல. அவன் உள்ள போகல. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு சத்தம் இல்லாம திரும்பிட்டான். அன்னிக்குப் பட்டினியாத்தான் வண்டி ஓட்டினான்.

அப்புறம் ஏழாம் நாள் ஃபேன் வந்துச்சு. "அந்த டக்கயும் சரி பண்ணிடட்டா?"ன்னு மெக்கானிக் கேட்டானாம். "அதுல கைய வெச்ச, தெரியும் சேதி"ன்னுட்டான் அப்பாக்காரன். அதே பச்சை. அதே ர்ர்ர்ர்ர்… டக். பாய விரிச்சாங்க. அண்ணன்காரன் நல்லவன்தான். "ஏய், உன் இடம். வந்து படு"ன்னான்.

அது போகல. இந்தக் கோடியில, காத்து வந்த வேகத்துல திரும்பற இடத்துல, சுவத்தப் பாத்துப் படுத்துக்கிச்சு. "எனக்கு வேணாம். நீயே படு."

அன்னிக்கு மட்டும் இல்ல. மறு வருஷமும். அதுக்கு மறு வருஷமும். கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் அந்தப் பொண்ணு டக் இடத்துல படுக்கவே இல்ல.

"ம்… பாவம். யாருக்குமே தெரியாதா?"

தெரியும். மெக்கானிக் ஃபேன் முதுகக் கழட்டினான். பாத்தான். "என்னா டிரைவரே, ஃபேனத் தாளிச்சிருக்கீங்க?"ன்னான். முன் மூடியில விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. காயிலுக்கு நடுவுல ஒரு கறிவேப்பிலை. கருகிப் போயி. நான் அத எடுத்து சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

"நீயா தாத்தா?"

நான்தான். வேலூர்ல ஆயிரம் டிரைவர்ல ஒருத்தன். யாரது கதவாண்ட? கஸ்தூரியா? கையில என்ன, மோரா? எவ்வளவு நேரமா நிக்கிற?

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

தெரியாம? கொதிக்குதுன்னு சொன்னவன் நான். உள்ள ஊத்தணும்னு சொன்னவனும் நான். உன்ன என்னன்னு திட்டுவேன்?

"மூணு தடவை சொல்ல வந்தேனேப்பா."

நீ சொல்லிட்டா நான் அடிக்கணும். அடிக்கலன்னா உங்கம்மா என்னைக் கேப்பா. சொல்ல விடலன்னா அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். உங்கம்மா போய்ச் சேர்ற வரைக்கும் வோல்டேஜ்னேதான் நம்பிக்கிட்டிருந்தா. ஆனா நீ அந்தக் கோடிய விட்டுட்டு சுவத்தப் பாத்துப் படுத்த பாரு, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். தினம் வண்டிக்கு நேரமாச்சு.

அழாதடி. கொழந்தை முழிச்சுக்கும்.

"நான் தூங்கல தாத்தா. அந்தத் தம்பி பாப்பா என்ன ஆச்சு?"

உன் சின்ன மாமாதான். ஒண்ணும் ஆகல. இன்னும் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கான், ஆபீஸ்ல. நீ கொஞ்சம் நகரு, உங்கம்மாவுக்கு இடம் விடு. கஸ்தூரி, சுவத்துப் பக்கம் இல்ல. அந்தக் கோடிக்குப் போ. அங்க படு. சொம்ப மூலையில வெச்சிட்டுப் படு. ஃபேன் பக்கத்துல வெக்காத.

"கரண்டே வரலயே தாத்தா."

வரலன்னா போகுது. கை இருக்கு. நாக்கு இருக்கு.

ர்ர்ர்ர்ர்… டக்.

கஸ்தூரி, சரியா நிக்குதா?

"இன்னும் கொஞ்சம் நிக்கணும்ப்பா."

சரி.

ர்ர்ர்ர்ர்ர்ர்… டக்.

கதை கோடிக்குப் போயாச்சு. இனிமே திரும்பாது. கண்ண மூடுங்க ரெண்டு பேரும்.