நலமா என்று கேட்ட மரங்கொத்திகள்

ஒரு காட்டில், ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை மொத்தத்தையும் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே ஒரு யானையின் தலையில் கட்டிவிட்டார்கள். யார் எந்தப் பழத்தை எங்கே ஒளித்து வைத்தார்கள், எந்த ஓடை எப்போது வற்றும், எந்தப் புதரில் யார் முட்டையிட்டார்கள் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக மறந்துவிடுவார்கள். வேண்டும்போது வந்து கேட்டுக்கொள்வார்கள். அந்த யானையின் பெயர் பேராச்சி.

நகரத்து ஓரம் வரை ஒருமுறை போய்வந்த நரி நாவரசு, "எல்லாத் தகவலையும் வைத்திருந்து, கேட்டதும் எடுத்துக் கொடுப்பதற்கு அங்கே சர்வர் என்று பெயர்" என்றான். அன்றிலிருந்து பேராச்சி சர்வர் ஆனாள். நாவரசு அதற்கு மேலாளர் ஆனான். அவனை யாரும் ஆக்கவில்லை குழந்தைகளே, அவனே ஆகிக்கொண்டான்.

ஒரு கோடையில் வெயில் தாங்காமல் பேராச்சி மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு வெயில் தணிந்தும் அடிக்கடி விழத் தொடங்கினாள். "சர்வர் டவுன்! சர்வர் டவுன்!" என்று நரி ஊளையிடுவான். கரடி மொக்கையன் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றுவான். அவளும் எழுந்துவிடுவாள். ஏன் விழுந்தாள் என்று மொக்கையன் ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீர் ஊற்றினால்தான் எழுந்துவிடுகிறாளே, அப்புறம் காரணம் எதற்கு?

ஆனால் எழும்போதெல்லாம் அவள் ஞாபகத்தில் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. "அத்தை, என் கொட்டைகளை எந்த மரத்தடியில் வைத்தேன்?" என்று அணில் வந்து கேட்டான்.

"நீ யாரப்பா?" என்றாள் பேராச்சி.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் காடு தீப்பிடித்து எரிந்து, செம்பி என்ற கீரி தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். மழைக்காலத்துக்கு ஒதுங்க அவளுக்கு ஒரு வளை வேண்டும்.

"வளைதானே? தாராளமாகத் தரலாம்" என்றான் நாவரசு. "சர்வர் ஏன் விழுகிறது என்று முதல் மழைக்குள் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடு. இல்லாவிட்டால் குட்டிகளோடு நடையைக் கட்டு."

"ஐயா, எனக்கு யானையைப் பற்றி ஒன்றுமே தெரியாதே!"

"எங்களுக்கு மட்டும் தெரியுமா என்ன? யாருக்கும் தெரியாத வேலையைப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம்."

செம்பி அண்ணாந்து பார்த்தாள். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

பேராச்சியைப் பார்க்கப் போனால், அவள் நெற்றி முழுக்க மரங்கொத்திகள்! டொக், டொக். "நலமா?" என்றது ஒன்று. "நலம்" என்றாள் பேராச்சி. டொக், டொக். "நலமா?" என்றது அடுத்தது. "நலம்." டொக், டொக்.

"இவர்கள் யார் அண்ணே?" என்று செம்பி கரடியிடம் கேட்டாள்.

"கண்காணிப்புக் குழு" என்றான் மொக்கையன் பெருமையாக. "முதல் தடவை விழுந்தபோது நரியார் ஒரு மரங்கொத்தியை வைத்தார். மறுபடியும் விழுந்தாள், இன்னொன்றை வைத்தார். விழ விழ ஆள் கூட்டினார். பதில் வரத் தாமதமானால் மறுபடி கொத்திக் கேட்க வேண்டும் என்று உத்தரவு."

"இத்தனை பேர் பார்த்துக்கொண்டுமா விழுகிறாள்?"

"அதுதானே எங்களுக்கும் புரியவில்லை!"

பக்கத்தில் நின்ற மயில் தோகையைச் சிலிர்த்துக்கொண்டு, "இவளுக்கு வயதாகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புது யானை கொண்டுவரலாம். வெள்ளையாக இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும்" என்று யோசனை சொன்னது. யானையைப் பார்க்கத்தானே எல்லோரும் வருகிறார்கள், பாவம்.

செம்பி மட்டும் என்ன, பதற்றத்தில் அவளும் மரங்கொத்திகள் செய்ததையேதான் செய்தாள். தந்தத்தின் மேல் தாவி ஏறி, "அம்மா, எங்கே வலிக்கிறது? தலையா? காலா? காதா? சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள்!" என்று பிடுங்கி எடுத்தாள். ஒரு கொத்துத் தழையை வாயருகே கொண்டுபோன பேராச்சி, அதைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மரங்கொத்திகள் எல்லாம் சேர்ந்து கொத்தின. பேராச்சியின் கண் செருகியது. தொப்பென்று விழுந்தாள்.

"சர்வர் டவுன்!" என்று ஓடிவந்தான் நாவரசு. "கொத்துவதற்கு ஆள் போதவில்லை. இன்னும் சேர்க்கிறேன். நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்? நாளைக்கு மழை வரும்போலிருக்கிறது, உன் குட்டிகளைக் கிளப்பு!"

அவன் ஆள் சேர்க்கப் போனான். மொக்கையன் தண்ணீருக்குப் போனான். மரங்கொத்திகள் பயந்துபோய் மர உச்சியில் உட்கார்ந்திருந்தன. செம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குட்டிகளை நனையவிட்டு எங்கே போவாள்?

அப்போது பேராச்சி தானாகவே லேசாகக் கண் திறந்தாள். செம்பி இந்த முறை அவசரப்படவில்லை. அவள் காதருகே போய், "அம்மா, விழுவதற்கு முன்னால் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிடப் போனேன் தாயி. நலமா என்று கேட்டார்கள். தழையை வைத்துவிட்டு நலம் என்றேன். மறுபடி கேட்டார்கள். நீயும் கேட்டாய்."

"அதற்கு முந்தின தடவை விழுந்தபோது?"

"அப்போதும் சாப்பிடத்தான் போனேன். கேட்டார்கள்."

"கடைசியாக வயிறு நிறையச் சாப்பிட்டது எப்போது?"

காட்டுக்கே ஞாபகம் வைத்திருந்த பேராச்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஞாபகம் இல்லையே" என்றாள்.

"ஐயோ! இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லையே தாயி. நலமா என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னேன்."

செம்பி ஒரே ஓட்டமாக நரியிடம் ஓடினாள். "ஐயா, மரங்கொத்திகளை எடுத்துவிடுங்கள். அவர்கள் அவளைச் சாப்பிடவே விடுவதில்லை."

"உனக்கென்ன பைத்தியமா? அவர்களை எடுத்துவிட்டால் சர்வர் விழுந்தது நமக்கு எப்படித் தெரியும்?"

"விழுவது யானை ஐயா. தரை அதிரும்."

நாவரசின் முகம் சுருங்கிப் போயிற்று. குழு கலைந்துவிட்டால் குழுத் தலைவர் எங்கே போவார்? செம்பிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சட்டென்று பேச்சை மாற்றினாள்.

"தப்பாகச் சொல்லிவிட்டேன் ஐயா, மன்னியுங்கள். குழுவைப் பெரிதாக்க வேண்டும். மரங்கொத்திகள் நலமா என்று யாராவது பார்க்கிறார்களா?"

நரியின் காது நிமிர்ந்தது. "இல்லையே!"

"அவற்றில் ஒன்று மயங்கி விழுந்தால்?"

"அடக் கடவுளே! யாருமே கவனிக்கவில்லையே!"

"அவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் விசாரிக்கட்டும். அத்தனை பேரும் நலம் என்று உறுதியான பிறகு யானையிடம் வரட்டும்."

"நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான் நாவரசு.

அன்றே மரங்கொத்திகள் எல்லாம் ஒரு பட்ட மரத்துக்கு மாற்றப்பட்டன. "நலமா?" "நலம். நீ நலமா?" "நலம். அவன் நலமா?" கடைசி மரங்கொத்தி நலம் என்று சொல்வதற்குள் முதல் மரங்கொத்தியைக் கேட்டு வெகுநேரம் ஆகிவிடும். உடனே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவர்கள் யானைப் பக்கம் வரவே இல்லை.

பேராச்சி சாப்பிட்டாள். மூங்கிலை ஒடித்துச் சாப்பிட்டாள், ஆலந்தழையை வளைத்துச் சாப்பிட்டாள். வயிறு நிறைய நிறைய, காணாமல் போன ஞாபகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "டேய் அணில், உன் கொட்டையெல்லாம் புளியமரத்து வேருக்கடியில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்!" என்று அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

முதல் மழை கொட்டியபோது செம்பியின் குட்டிகள் ஒரு மேட்டு வளைக்குள் காய்ந்த சருகின் மேல் தூங்கிக்கொண்டிருந்தன. வெளியே நாவரசு நனைந்துகொண்டே, "எனது குழுவின் அயராத கண்காணிப்பால்..." என்று பேசிக்கொண்டிருந்தான். மொக்கையன் எதற்கும் இருக்கட்டும் என்று குடுக்கையில் தண்ணீரோடு நின்றான்.

செம்பி தினமும் காலையில் அந்தப் பக்கம் போவாள். "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். வாய் நிறையத் தழை இருப்பதால் பேராச்சி பதில் சொல்லமாட்டாள். செம்பியும் மறுபடி கேட்கமாட்டாள்.

நீதி: நலமா என்று ஓயாமல் கேட்டால் நலம் என்ற பதில்தான் கிடைக்கும், நலம் கிடைக்காது.