பூசணிக்காய் ராசா வேட்டைக்குப் போன பாட்டு

தும்பைக்கோட்டைப் பாளையத்தில் ஒச்சப்பன் என்று ஒரு பாட்டுக்காரன் இருந்தான். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் பாடுவதுதான் அவனுக்கு உத்தியோகம்.

கத்திரிக் காய்க்குக் கலியாணம் – அதைக்
கட்டிக்கப் போனது கோடாலி
பத்துப் படகில் மழைபிடித்து – அதைப்
பந்தலில் காய்ச்சுது பூனைக்குட்டி

இப்படி ஒன்றை எடுத்துவிட்டால் மகாராஜா குமாரவடுக நாயக்கர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். யாராவது அர்த்தம் கேட்டால், "அப்படி ஒண்ணும் இல்லீங்க, சும்மா வந்துச்சு" என்பான் ஒச்சப்பன்.

அரண்மனைப் பெரும்புலவர் அருணந்திப் பண்டிதருக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். அவர் எதற்கும் அர்த்தம் கண்டுபிடிக்கிற ஆசாமி. கோயில் யானை தும்மினால்கூட மூன்று விதமாக உரை சொல்லுவார். போன மாதம் மகாராஜா பன்றி வேட்டைக்குப் போய் வந்தபோது கோட்டை வாசலிலேயே மாலையோடு நின்று, 'வராக சம்ஹார மூர்த்தி' என்று நூறு பாட்டுப் பாடியவர் அவர்தான். வேட்டையில் உண்மையாக என்ன நடந்தது என்பது கூடப்போன நாற்பது காவலர்களுக்குத் தெரியும். அதனால் ஊருக்கே தெரியும். ஆனால் ஊரில் எல்லோருக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது.

ஒருநாள் பண்டிதர் சபையில் எழுந்தார். "மகாராஜா, பொருள் இல்லாத பாட்டு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கத்திரிக்காய் என்பது ஆன்மா, கோடாலி என்பது மாயை. அது புரியாமலேயே பாடிக்கொண்டிருக்கிறான் இந்த மூடன்."

கத்திரிக்காய் ஆன்மாவானதும் மகாராஜாவுக்குச் சிரிப்பே போய்விட்டது. எரிச்சலோடு தீர்ப்புச் சொன்னார். "ஒச்சப்பா, நாளைக்குக் காலையில் அர்த்தமே இல்லாத பாட்டு ஒன்று பாடு. பண்டிதர் அதில் அர்த்தம் கண்டுவிட்டால் நீ இனிப் பாடவே கூடாது. அவர் உரை வகுப்பில் மாணவனாக உட்காரவேண்டும்."

அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் முழித்த நிலையில் வெளியே வந்ததில்லை. ஒச்சப்பனுக்குத் தூக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. பாட்டுப் போய்விடுமே என்பதுதான் கவலை. அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. ஏர் பிடித்தால் மாடு அவனை இழுத்துக்கொண்டு போகும்.

வீட்டில் பெண்சாதி பூவாயி தலையில் கைவைத்துக்கொண்டாள். "எதைப் பாடினாலும் அர்த்தம் கண்டுபிடிக்கிற ஆளாச்சே. என்னத்தைப் பாடப்போறீக?"

ஒச்சப்பன் உடுக்கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். "கண்டுபிடிக்கட்டும் புள்ளே. சுளுவாக் கண்டுபிடிக்கிற மாதிரியே பாடிடறேன்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்குப் பொருள் சொல்லப்போகிறவர் முதலில் தாம்பாளத்திலிருந்து வெற்றிலை எடுக்கவேண்டும். எடுத்துவிட்டால் மகாராஜா முகத்தைப் பார்த்து, இது இன்னது, இவர் இன்னார் என்று வரிவரியாக உடைத்துச் சொல்லவேண்டும். நடுவில் மகாராஜா எதைக் கேட்டாலும் பதில் வரவேண்டும். மழுப்பினால் தோற்றுப்போனதாகக் கணக்கு.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பண்டிதர் வெற்றிலைத் தாம்பாளத்தைப் பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொண்டார். ஒச்சப்பன் உடுக்கையைத் தட்டிக்கொண்டு பாடினான்.

பூசணிக் காயொரு ராசாவாம் – அது
பூனைமேல் ஏறிப் புறப்பட்டதாம்
ஆசையாய் வேட்டைக்குப் போகையிலே – ஒரு
அரையடிப் பன்றி எதிர்வந்ததாம்

பண்டிதரின் கை வெற்றிலைக்குப் போனது.

வீரத்தை யெல்லாம் மடியில்கட்டி – வைக்கோற்
போருக்குள் பாய்ந்து புகுந்ததுவாம்
தூரத் தெறித்த தலைப்பாகை – அதைச்
சூடிக்கொண் டோடிற்று பன்றிக்குட்டி

பண்டிதரின் கை அப்படியே நின்றது.

காலைப் பிடித்தே இழுத்தனராம் – அங்கே
காவல் இருந்த நாற்பதுபேர்
மாலை எடுத்தொரு தவளைவந்து – 'வெற்றி
மன்னன் வருகிறார்' என்றதுவாம்

சுவரோரம் நின்ற நாற்பது காவலர்களும் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

"எடுங்க பண்டிதரய்யா, வெத்திலை இளசா இருக்கு" என்றான் ஒச்சப்பன்.

பண்டிதர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பூசணிக்காய் என்பது ஆன்மா என்று ஆரம்பித்துவிடலாம். ஆனால் 'அந்த நாற்பது பேர் யார்' என்று மகாராஜா கேட்டால்? அவர்கள் எதிரிலேயே ஈட்டியோடு நிற்கிறார்கள். அதையும் தாண்டினால் தவளை வேறு மாலையோடு காத்திருக்கிறது. அவர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"மகாராஜா," என்றார், "நன்றாக ஆராய்ந்துவிட்டேன். இதில் ஒரு பொருளும் இல்லை."

"ஒன்றுமே இல்லையா?"

"எள்ளளவும் இல்லை."

ஒச்சப்பன் சபையைச் சுற்றிப் பார்த்துக் கும்பிட்டான். "வேற யாருக்காச்சும் ஏதாச்சும் புரிஞ்சுதா? வெத்திலை இங்கேதான் இருக்கு."

மந்திரி தரையைப் பார்த்தார். தளபதி தன் மீசையை எண்ணிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் ஜெயித்துவிட்டான். ஆனால் மகாராஜாவின் முகம் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. அவர் அதுவரை அடக்கிக்கொண்டிருந்தது, அடங்காமல் வெளியே வந்துவிட்டது.

"அரையடியாம் அரையடி. என் இடுப்பு உயரம் இருந்ததடா அந்தப் பன்றி."

ஒச்சப்பன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய் மகாராஜாவின் முன்னால் பணிவாக நீட்டினான்.

"வெத்திலையை எடுத்துக்கிட்டுச் சொல்லுங்க மகாராஜா."

மகாராஜா வெற்றிலையைப் பார்த்தார். ஒச்சப்பனைப் பார்த்தார். பிறகு சிம்மாசனமே ஆடும்படி சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் அந்த நாற்பது பேரும் ஒரு மாதமாக அடக்கிவைத்திருந்த சிரிப்பைச் சிரித்து முடித்தார்கள்.