சென்னிமலையின் முட்டி

“மணல் மூட்டைக்கு டிரில் எடுத்திருந்தாக்கூட இந்நேரம் அது கையைத் தூக்கியிருக்குமுங்க, அம்மிணி.”

சொன்னவர் சென்னிமலை. ஆயுதப்படையில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது காங்கேயம் ரோட்டு முதியோர் இல்லத்தில் காலை உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய குரு, ஃபிசியோதெரபி டாக்டர் ருக்குமணி. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்து மூன்று. வயசானவர்களுக்கு ஏற்ற பயிற்சிகளை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே இந்த அம்மிணிதான்.

“என்ன பண்றாங்கண்ணா?”

“நான் விசில் ஊதுனதும் காது மிஷினைக் கழட்டி ஜோப்புல போட்டுக்கறாங்க. மூச்சை இழுங்கன்னா, அந்தத் தேவானையம்மா, ‘எம்பது வருசமா அதைத்தான் பண்ணிட்டிருக்கறேன்’ங்குது.”

ருக்குமணிக்குச் சிரிப்பு வந்தது. சென்னிமலைக்கு வரவில்லை.

“இந்த வாரத்துக்குள்ள ஒருத்தராச்சும் எந்திரிச்சு நிக்கலைன்னா வகுப்பே வேண்டாங்கறார் இல்லத்துச் செயலாளர். அந்த எடத்துல பெரிய டிவி வைக்கப் போறாராம்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “வீட்டுல யாருங்க இருக்கறாங்க எனக்கு? இதை விட்டாப் போக்கிடம் இல்லீங்க.”

எழுந்திருக்கும்போது மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துத்தான் எழுந்தார். பிடித்த கையை உடனே முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அம்மிணி பார்த்துவிட்டார்.

“விசிலைக் குடுங்கண்ணா.”

கழற்றிக் கொடுத்தார். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு நானும் வர்றேன்” என்றார் குரு.

மறுநாள் கூடத்தில் பெரியவர்களோடு பெரியவராக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார் ருக்குமணி.

விசில் இல்லாத சென்னிமலை, பெல்ட் இல்லாத பேண்ட்டோடு வந்தவர்போல நெளிந்தார். தொண்டையைச் செருமினார். உடனே எல்லார் கையும் காதுக்குப் போயிற்று. மிஷின்கள் பைக்குள் இறங்கின.

செயலாளர் டேப்போடு வந்து சுவரை அளக்க ஆரம்பித்தார்.

“கையை மேல தூக்குங்க!” என்றார் சென்னிமலை.

தூக்கியது அவர் மட்டும்தான்.

“அண்ணா, உங்க முட்டிவலியைச் சொல்லுங்க” என்றார் ருக்குமணி.

சென்னிமலைக்கு முகம் சிவந்துவிட்டது. “அது எதுக்குங்க இங்க?”

“சொல்லுங்க.”

குருவே கேட்டால் என்ன செய்வது? மானம் போனது போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

“உக்காந்தா எந்திரிக்க முடியறதில்லீங்க. நேத்து பாத்ரூம்ல வாளியைப் புடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன்.”

ஒரு கை பைக்குள் போயிற்று. ஒரு மிஷின் காதில் ஏறியது. அதைப் பார்த்து இன்னொன்று ஏறியது.

“என்ன சொல்றாரு?”

“முட்டியாம்! வாளியைப் புடிச்சாராம்!”

“வாளியைப் புடிப்பாங்களா யாராச்சும்?” தேவானையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இங்க பாரு தம்பி. குதிகாலைப் பின்னால இழு. முன்னால குனி. மூக்கு முட்டியைத் தாண்டோணும். இப்ப எந்திரி.”

சொன்னதோடு நிற்காமல், எழுந்து நின்றும் காட்டிவிட்டார். நர்ஸம்மா கைகொடுக்காமல் அவர் எழுந்து வெகு நாளாகியிருந்தது.

“அப்படியில்லீங்க தேவானை, கையை முன்னால நீட்டோணும்” என்று இன்னொருவர் எழுந்தார். எழுந்தவரைத் திருத்த, பேசாமல் கிடந்த பழைய பஸ் டிரைவர் எழுந்தார். ஆளுக்கொரு பக்கம் கையைத் தூக்கிச் சண்டை போட்டார்கள்.

சென்னிமலை மலைத்துப்போனார். “ஏனுங்கம்மா, இதையெல்லாம் யாருங்க சொல்லிக்குடுத்தது?”

“நீதான் தெனமும் கத்திட்டிருக்கறயே!”

“மிஷினைக் கழட்டிட்டீங்களே?”

“கழட்டிட்டா? உன்ற தொண்டை தெருமுக்கு வரைக்கும் கேக்குது.”

செயலாளர் டேப்பைச் சுருட்டினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. தேவானையம்மா தம்பியை உட்காரவைத்து எழுப்பி, உட்காரவைத்து எழுப்பி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், வேர்த்து விறுவிறுத்து வாசலுக்கு ஓடிவந்தார் சென்னிமலை. கண் கலங்கியிருந்தது. குரு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

“அம்மிணி! விசில்?”

குரு காதில் வாங்கவில்லை.

“சரீங்க, நாளைக்கு என்ன பயிற்சி எடுக்கட்டும்? அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க!”

ருக்குமணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“வேற எங்கண்ணா வலிக்குது?”