அரைப்படிக்கு வேறு பெயர்

"அரைப்படி சாகும்போது எல்லாரும் சிரிக்கிறாங்க, மேடம்."

கிருபாகரன் உட்காரக்கூட இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகத் தவமணியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தான்.

அவன் ஒரு கேம் கம்பெனியில் கதை எழுதுகிறவன். அரைப்படி அவன் படைத்த பாத்திரம். மலைக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பிழைக்கும் குள்ளர்களில் ஒருவன். கதையின் முடிவில் சுரங்கம் இடியும். மற்றவர்கள் தப்பி ஓடுவதற்காக, அரைப்படி தூணைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடுவான்.

விளையாடிப் பார்க்க வந்தவர்கள் அந்த இடத்தில்தான் சிரித்தார்கள்.

தவமணி மாயக் கதைகள் எழுதுகிறவர். கிருபாகரனைவிட வயதில் சின்னவர். அவன் எழுதக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். நின்றால் அவன் இடுப்புக்குத்தான் வருவார்.

"திங்கள்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா கதையைத் தூக்கிடுவாங்க. என்னையும் சேர்த்து."

"பேரை மாத்திப் பார்த்தீங்களா?"

"சம்மட்டித்தாடின்னு வச்சேன். அதுக்கும் சிரிச்சாங்க. க்ரும்பக்னு வச்சேன். ஏப்பம் விடுற மாதிரி இருக்குன்னாங்க. கல்தோளன்னு வச்சேன். கொட்டாவி விட்டாங்க."

"இந்தப் பேரையெல்லாம் கதையில யார் சொல்றாங்க?"

"யாரும் சொல்ல வேண்டியதில்ல. தலைக்கு மேல எழுத்தா மிதக்கும்."

தவமணி அந்த மூன்று பெயர்களையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நீங்களே ஒரு பேர் சொல்லிடுங்க, மேடம். வச்சுட்டுப் போயிடறேன்."

"எனக்கு அவனைத் தெரியாதே."

கிருபாகரனுக்கு முகம் சிவந்தது. இரவெல்லாம் தூங்காதவன். அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"முந்தின கதைகள்லயும் நான் குள்ளர்களுக்கு வச்ச எந்தப் பேரையும் நீங்க ஒத்துக்கிட்டதில்ல. காரணம் எனக்குத் தெரியும்."

"சொல்லுங்க."

"வேண்டாம்."

"பாதியில விடாதீங்க, கிருபா."

"உங்களைச் சொல்ற மாதிரி எடுத்துக்கறீங்க. நான் உங்களைச் சொல்லல. அது வெறும் கதை."

சொன்ன பிறகு அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தவமணி நாற்காலியிலிருந்து இறங்கினார். பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாங்க."

பேருந்து நிலையம் வரை அவர் முன்னால் நடந்தார், அவன் பின்னால் போனான். பள்ளிக்கூடம் விட்ட நேரம். மூட்டைகளும் பைகளும் குழந்தைகளுமாக நடக்க இடமில்லை. பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன.

தவமணி நின்றார்.

"இந்தக் கூட்டத்துக்குள்ள போறேன். நீங்க வச்ச பேர்ல எதையாவது சொல்லிக் கூப்பிடுங்க. திரும்பிப் பார்க்கறேன்."

"அரைப்படின்னு கூப்பிட்டாலுமா?"

"திரும்பறேன்."

"எப்படி மேடம், உங்களைப் போய்..."

"என்னைச் சொல்லலைன்னீங்களே."

அவர் நடந்தார். இரண்டு பேர் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனார்கள். அவர்கள் கடந்த பிறகு தவமணியைக் காணவில்லை.

கிருபாகரன் எம்பிப் பார்த்தான். தலைகள்தான் தெரிந்தன.

வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டான்.

"கல்தோளா," என்றான். அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். "யாரைங்க தேடறீங்க?"

"தெரிஞ்சவங்க."

"சத்தமா கூப்பிடுங்க. இந்த இரைச்சல்ல எப்படிக் கேட்கும்?"

கிருபாகரன் நாக்கைப் புரட்டிப் பார்த்தான். அத்தனை பெயர்களும் இருந்தன. ஒன்றையும் அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை.

விசில் கேட்டது. துறையூர் பஸ் பின்னால் வர ஆரம்பித்தது. வழியில் நின்றவர்கள் விலகினார்கள். அவர்கள் விலகிய இடத்தில் தவமணி இருந்தார்.

பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். செருப்பு வார் கழன்றிருக்க வேண்டும். கண்டக்டர் மறுபக்கம் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். அந்த உயரத்தில் ஒருவர் இருப்பது டிரைவரின் கண்ணாடியில் தெரியாது.

"மேடம்."

நாலைந்து பெண்கள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

"மேடம், மேடம்."

பஸ் நிற்கவில்லை.

"தவமணி! ஏ தவமணி!"

அது தன் குரல் என்றே அவனுக்குத் தெரியவில்லை. யார் யாரையோ இடித்துக்கொண்டு ஓடினான். ஓடிக்கொண்டே மறுபடியும் கத்தினான். மறுபடியும்.

அவர் நிமிர்ந்தார். பார்த்தார். செருப்பை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தார்.

சக்கரம் செருப்பின் மேல் ஏறி நின்றது. யாரோ பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டத் தொடங்கி, தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பூக்காரம்மா ஒருத்தி தவமணியைத் தூக்கி உட்கார வைத்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

கிருபாகரன் அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு மூச்சு இரைத்தது. கண்ணில் நீர் வந்திருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தவமணி தண்ணீரைக் குடித்தார். பஸ் போன பிறகு நிலையம் பழையபடி ஆனது. மூட்டைகள் வந்தன, போயின.

"கிருபா."

"சொல்லுங்க."

"உங்க சுரங்கம் இடியும்போது, வெளியே யார் நிக்கறாங்க?"

அவன் யோசித்தான். தப்பியவர்கள் மலையைவிட்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். கதாநாயகன் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பான்.

"யாரும் இல்ல, மேடம்."

"அவனைக் கூப்பிட ஒருத்தரை நிறுத்துங்க," என்றார் தவமணி. "அவன் பேரை அந்த ஆள் சொல்லட்டும். முதல்ல அந்த ஆளுக்குப் பேர் வையுங்க."