வெண்கொக்குகள் வாய் திறக்காத கச்சேரி

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொரிய தேசத்தின் தென்கோடியை தேவோன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. ஒருநாள் பேரிக்காய் புளித்தது என்று நாட்டில் பேரி மரமே கூடாதென்றார். சாயங்காலம் இன்னொரு காய் இனித்ததும், வீட்டுக்கு ஒரு மரம் நடச் சொன்னார்.

அவர் நாட்டில் வெண்கொக்குகள் என்று ஒரு பாட்டுக் குழு இருந்தது. நாரே, தாசோல், போராம், கியோல் என்று நான்கு பெண்கள். பாடிக்கொண்டே ஆடுவார்கள். நால்வரும் சேர்ந்து திரும்பினால், ஒருத்தியே நாலு கண்ணாடியில் திரும்புவதுபோல இருக்கும். போகிற ஊரிலெல்லாம் கூட்டம் அலைமோதும்.

குழுவை நடத்தியவர் சாங்தக், அரசவையின் கலை அதிகாரி. சிறுமிகளாக இருந்தபோதே அழைத்து வந்து பழக்கி மேடையேற்றியவர் அவர்தான். அதில் பொய்யில்லை. ஆனால் அவர்கள் என்ன சாப்பிடுவது, யாரோடு பேசுவது, எப்போது சிரிப்பது என்பதையும் அவரே தீர்மானித்தார். போராமின் அம்மா காய்ச்சலில் கிடந்தபோதுகூட, திருவிழாக் கச்சேரி முடியட்டும் என்று அவளை ஊருக்கு விடவில்லை.

சாங்தக்கோடு எழுதிக்கொண்ட ஏழு வருஷப் பத்திரம் முடிந்த அன்று, இனி நாங்களாகவே பாடிக்கொள்கிறோம் என்று நால்வரும் சொல்லிவிட்டார்கள். சாங்தக் நேராக ராஜாவிடம் போய், நால்வரையும் சபைக்கு வரவழைத்து முறையிட்டார்.

"மகாராஜா, இதெல்லாம் நான் பிடித்து வைத்த பொம்மைகள். என்னை விட்டுப் போனால் நாலு நாளில் ஊரே மறந்துவிடும்."

நாரே தலை குனிந்து நின்றாள். குரல் மட்டும் நிமிர்ந்திருந்தது. "சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான் ஐயா, மறக்கவில்லை. ஆனால் மேடையில் மூச்சு வாங்கியது நாங்கள்."

ராஜாவுக்குக் குஷி வந்துவிட்டது. பத்தாம் நாள் காலை ஆற்று மணலில் நால்வரும் தனியாகக் கச்சேரி செய்யவேண்டும். ஜனம் கடைசிவரை இருந்தால் விடுதலை, எழுந்து போய்விட்டால் இன்னும் ஏழு வருஷம் சாங்தக்கிடம் என்று தீர்ப்புச் சொன்னார்.

தனக்குச் சொந்தமான எதையும் அவர்கள் தொடக்கூடாது என்று சாங்தக் நிபந்தனை போட்டார். அப்போது மந்திரி ஓக்பூன் வாய் திறந்தார். மெலிந்த உருவம், மெல்லிய குரல். அந்த அம்மாள் சபையில் தனக்கு மேல் வரிசையில் உட்காருவது சாங்தக்குக்கு ஆகவே ஆகாது.

"நியாயம்தான். எதெல்லாம் உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள், எழுதி முத்திரை வைத்துவிடலாம்" என்றார் மந்திரி.

குழுவின் பெயர், உடைகள், மத்தளங்கள், ஆட்டம், பதினோரு பாட்டு என்று சாங்தக் அடுக்கினார். அந்தப் பாட்டுகளில் ஒரு வார்த்தைகூட இவர்கள் வாயிலிருந்து வரக்கூடாது என்றார்.

"கேட்க வருகிற ஜனம்?"

"அதுவும் என்னுடையதுதான். நான் சேர்த்த கூட்டம்."

"எழுதிக்கொள்ளலாமா?"

"பெரிய எழுத்தாகவே எழுதுங்கள்."

எழுதினார்கள். ராஜா முத்திரை வைத்தார்.

பெண்கள் இடிந்துபோனார்கள். மந்திரி அவர்களைத் தேடிப் போய், சொந்தப் பாட்டு ஏதாவது உண்டா என்று விசாரித்தார். தாசோல் யாருக்கும் தெரியாமல் ஒன்று எழுதி வைத்திருந்தாள். ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு எப்படிக் கச்சேரி செய்வது என்று அழுதாள். முதலில் வாய் திறக்காமல் மேடையில் நில்லுங்கள், மற்றதை ஜனம் பார்த்துக்கொள்ளும் என்றார் மந்திரி.

"ஜனம் ஒன்றும் செய்யாவிட்டால்?" என்று கேட்டாள் நாரே.

"அப்போது சாங்தக் சொன்னதுதான் சரி. அதையும் தெரிந்துகொள்ளத்தானே போகிறீர்கள்?"

பத்தாம் நாள் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். நால்வரும் வெறும் பருத்திப் பாவாடையில் வந்து நின்றார்கள். மத்தளம் இல்லை, பாட்டு இல்லை. நேரம் போயிற்று. ஒரு குழந்தை அழுதது. ஒருவன் எழுந்து உடையில் ஒட்டிய மணலைத் தட்டினான். ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாங்தக் புன்னகைத்தார்.  நாரே போராமின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நடுக்கூட்டத்தில் ஒரு மீன்காரி, சுருதி சேராத குரலில், வெண்கொக்குகளின் முதல் பாட்டைத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். பிறகு ஒரு வரிசை, பிறகு மணல் முழுக்க. கைதட்டலே மத்தளமாகிவிட்டது. எழுந்தவன் மறுபடி உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கப் பாடினான். பதினோரு பாட்டும் முடிந்தன. நால்வரும் வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

சாங்தக் துள்ளி எழுந்து, தன் பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று கத்தினார்.

மந்திரி முத்திரை வைத்த ஓலையை எடுத்தார். "பாட்டு உங்களுடையது. ஜனமும் உங்களுடையது, பெரிய எழுத்தில் இருக்கிறது. உங்கள் ஜனம் உங்கள் பாட்டைப் பாடியது. இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்?"

சாங்தக் கூட்டத்தைப் பார்த்துக் கையை உதறினார். "இந்த ஜனம் என்னுடையது இல்லை."

"அதை உங்கள் வாயாலேயே கேட்கத்தான் மகாராஜா காத்திருந்தார்."

ராஜா கிரீடம் காதுவரை நழுவச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் திடீரென்று முகம் சுளித்து, இன்னும் இவர்கள் பாடவே இல்லையே என்றார்.

அப்போதுதான் நால்வரும் பாடினார்கள். தாசோலின் பாட்டு. தூரத்தில் படகு வலிக்கிற மகள், கரையில் நிற்கிற அம்மாவை அடையாளம் காண்கிற பாட்டு. போராம் தன் அடியைப் பாடும்போது மணலில் ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் இன்னொரு முறை என்றார்கள். மூன்றாம் முறை ஜனமும் கூடப் பாடியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். பெயரும் பாட்டும் பாடியவர்களுக்கே. பத்திரம் முடிந்தபின் எந்தப் பாடகரையும் யாரும் ஒருநாள்கூடப் பிடித்துவைக்கக் கூடாது. சாங்தக்குக்கும் ஒரு வேலை கொடுத்தார்: ஒரு வருஷம் ஒவ்வொரு கச்சேரியிலும் மேடையேறி, அந்த நால்வரின் பெயரையும் ஒவ்வொன்றாக ஜனத்துக்குச் சொல்லவேண்டும்.

முதல் கச்சேரியில் சாங்தக் முணுமுணுத்தார். கேட்கவில்லை என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. மறுபடி உரக்கச் சொன்னார்: நாரே, தாசோல், போராம். நாலாவது பெயருக்கு அவர் வாயெடுப்பதற்குள் ஊரே சொல்லிவிட்டது.